வீட்டுக்கு இரண்டாவது கார் வந்தால் போனஸ் எந்தக் காருக்கு? யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு வருடம் முழுக்க இழப்பீடு எதுவும் கேட்காமல் ஓடிய காருக்கு, அடுத்த வருடக் கட்டுப்பணத்தில் காப்புறுதிக் கொம்பனி தரும் கழிவுதான் நோ கிளெய்ம் போனஸ், சுருக்கமாக என்.சி.பி. வீட்டில் ஒரு கார் இருக்கும்வரை இதில் பெரிய குழப்பம் இல்லை. பழைய ஆல்ட்டோவை விற்க மனம் வராமல் வாசலில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இன்னொரு காரைக் கொண்டுவந்து நிறுத்தும்போதுதான் கேள்விகள் தொடங்குகின்றன. இங்கே ஆட்கள் கேட்பவற்றைக் கேட்கிற விதத்திலேயே கீழே எழுதியிருக்கிறேன். உதாரணமாக வரும் தொகைகள் கணக்குப் புரிவதற்கு மட்டும். உங்கள் கொம்பனியின் விலை வேறாக இருக்கும்.

பழைய காருக்கு 50 வீதம் போனஸ் இருக்கிறது. புதுக் காருக்கும் அதே 50 வீதம் தருவார்களா?

தரமாட்டார்கள். ஒரு போனஸை ஒரு நேரத்தில் ஒரு காரில்தான் வைக்கலாம். ஆல்ட்டோவில் அது ஓடிக்கொண்டிருந்தால், இரண்டாவது காரின் கணக்கு பூச்சியத்தில் தொடங்கும். அந்தக் கார் தனக்கென்று ஒரு வருடம் கிளெய்ம் இல்லாமல் ஓடிய பிறகுதான் அதன் முதல் படி கிடைக்கும்.

"பத்து வருசமா ஒரு கீறல் இல்லாமல் ஓடுறன், அது கணக்கில்லையா?" என்று கேட்பார்கள். கணக்குத்தான். அந்தப் பத்து வருடத்துக்கான கழிவைத்தான் முதல் காரில் ஏற்கெனவே அனுபவிக்கிறீர்கள். கொம்பனியின் பார்வையில் இரண்டாவது கார் இன்னொரு ஆபத்து. வீட்டில் இரண்டு கார் இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் வீதியில் நிற்கலாம், ஒன்றை மகன் ஓட்டலாம்.

போனஸ் காருக்குச் சொந்தமா, ஆளுக்கா?

ஆளுக்கு. காரை விற்றால் போனஸ் உங்களோடு நிற்கும், அடுத்து வாங்கும் காருக்குக் கொண்டுபோகலாம். அதேபோல, நீங்கள் வாங்கும் பழைய காரை விற்பவர் "60 வீத என்.சி.பி.யோட தாறன்" என்று சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அந்த 60 வீதம் அவரோடு போய்விடும். அவருடைய இன்சூரன்ஸ் பத்திரமும் தானாக உங்கள் பெயருக்கு மாறாது. பழைய அட்டை கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது என்று சாவகச்சேரியில் இருந்து யாழ்ப்பாணம்வரை துணிந்து ஓட்டிவருபவர்கள் இருக்கிறார்கள். காரை எடுக்கும் நாளிலேயே உங்கள் பெயரில் தற்காலிகக் காப்பு ஒன்று போட்டுவிட்டு எடுங்கள்.

அப்படியென்றால் இரண்டில் எதில் போனஸை வைப்பது லாபம்?

அடிப்படைக் கட்டுப்பணம், அதாவது கழிவும் வரியும் போட முன்னர் உள்ள தொகை, எதற்குக் கூடவோ அதில். பலர் இதை யோசிப்பதே இல்லை. பழைய காரில் இருந்தது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள்.

ஆல்ட்டோவின் அடிப்படைக் கட்டுப்பணம் 60,000 ரூபா, புதிதாக வாங்கும் காருக்கு 180,000 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். போனஸ் 50 வீதம். அது ஆல்ட்டோவிலேயே இருந்தால் ஆல்ட்டோவுக்கு 30,000, புதியதற்கு 180,000, மொத்தம் 210,000. புதுக் காருக்கு மாற்றினால் ஆல்ட்டோவுக்கு முழுதாக 60,000, புதியதற்கு 90,000, மொத்தம் 150,000. அதே போனஸ், அதே இரண்டு கார், வித்தியாசம் 60,000 ரூபா.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. எந்தக் கார் அடிபடக் கூடியது என்பதையும் பார்க்க வேண்டும். புதுக் காரைக் கம்பசுக்குப் போகும் மகன்தான் ஓட்டப் போகிறார், லைசென்ஸ் எடுத்து ஆறு மாதம் என்றால், உங்கள் பல வருடச் சேமிப்பை அந்தக் காரில் வைப்பது கொஞ்சம் துணிச்சலான வேலை. அவர் திருநெல்வேலிச் சந்தையடியில் ஒரு ஓட்டோவோடு உரசி, அதற்குக் கிளெய்ம் போட்டால் இறங்குவது உங்கள் போனஸ். லாபம் கூடிய காரில் வைத்து, சின்ன அடிகளுக்குக் கிளெய்ம் போடாமல் இருக்கக் கைக்காசு இருந்தால் மாற்றுங்கள். அது முடியாது என்றால், முதல் இரண்டு வருடத்துக்கு அது அமைதியாக ஓடும் காரிலேயே இருக்கட்டும்.

பொலிசி நடுவில் ஓடிக்கொண்டிருக்கும்போதே போனஸை மாற்றலாமா?

புதுப்பிக்கும் நேரத்தில் மாற்றுவதுதான் சிக்கல் இல்லாத வழி. நடுவில் மாற்றக் கேட்டால், முதல் காருக்கு ஏற்கெனவே தந்த கழிவில் மீதி மாதங்களுக்கு உரியதைத் திருப்பிக் கட்டச் சொல்வது வழக்கம். அதைக் கட்டினாலும் லாபமாக வரலாம். மேலே சொன்ன கணக்கை மீதி மாதங்களுக்குப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். முடிவு எதுவானாலும் கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ வாங்கி வையுங்கள். "ஓம் அண்ணை, செய்துவிடலாம்" என்று போனில் சொன்னதை அடுத்த வருடம் யாரும் நினைவு வைத்திருக்கமாட்டார்கள்.

இரண்டாவது காருக்கு வேறு கழிவே இல்லையா?

இருக்கிறது, கேட்டால்தான் வரும். இலங்கையில் கோட்டேஷன் தாள்களில் என்.சி.பி.க்குப் பக்கத்தில் எம்.ஆர். என்று இன்னொரு வரியும் இருக்கும். மல்ட்டிப்பிள் ரிபேட் என்பதன் சுருக்கம் அது. கொம்பனி தன் விருப்பத்தில் தரும் கழிவு. வாடிக்கையாளரைப் பார்த்து, வாகனத்தைப் பார்த்து, போட்டிக் கொம்பனி என்ன சொல்லியிருக்கிறது என்று பார்த்துக் கூட்டிக் குறைப்பார்கள். இரண்டு காரையும் ஒரே இடத்தில் போடுகிறேன் என்று சொல்லும்போது பேரம் பேச இடம் இருப்பது இந்த வரியில்தான். முதல் வருடமே ஒரு தொகைப் போனஸை முன்கூட்டித் தரும் கொம்பனிகளும் உள்ளன. விளம்பரங்களில் பெரிய வீதங்களாக வருவது பெரும்பாலும் அதுதான்.

ஒன்றைக் கவனியுங்கள். என்.சி.பி. நீங்கள் சம்பாதித்தது, வேறு கொம்பனிக்குப் போனாலும் கடிதத்தோடு வரும். எம்.ஆர். இந்தக் கொம்பனி தந்தது, இங்கேயே நின்றுவிடும். அடுத்த வருடம் அதே அளவு தருவார்கள் என்ற உறுதியும் இல்லை. "மொத்தமாக 65 வீதம் கழிவு போட்டிருக்கிறேன்" என்று முகவர் சொன்னால், அதில் எவ்வளவு என்.சி.பி., எவ்வளவு எம்.ஆர். என்று பிரித்துக் கேளுங்கள்.

கோட்டேஷனில் எதைப் பார்ப்பது? 50 வீதம் என்றார்கள், பில் பாதியாகவில்லையே?

ஆகாது. கழிவு அடிப்படைக் கட்டுப்பணத்தில்தான் விழும், கடைசித் தொகையில் விழாது. ஒரு தாளை மேலிருந்து கீழே வாசித்துப் பார்ப்போம்.

அடிப்படைக் கட்டுப்பணம் 150,000. எம்.ஆர். 10 வீதம் போனால் 135,000. அதில் என்.சி.பி. 50 வீதம் போனால் 67,500. அதன்பின் எஸ்.ஆர்.சி.சி. என்றும் ரெரரிசம் என்றும் இரண்டு வரிகள் வரும். வேலைநிறுத்தம், கலவரம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான காப்பு அது. தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்தும் நிதியோடு தொடர்புடையது. காரின் பெறுமதியை வைத்துக் கணக்கிடுவார்கள், உங்கள் போனஸ் அங்கே செல்லாது. இரண்டுக்கும் சேர்த்து 16,000 என்று வைப்போம். பொலிசிக் கட்டணம், நிர்வாகக் கட்டணம் 1,500. கூட்டினால் 85,000. அதன்மேல் வற் வரி 18 வீதம், 15,300. மொத்தம் 100,300. சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரியை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

போனஸே இல்லாவிட்டால் இதே தாள் 179,950 என்று முடிந்திருக்கும். அப்படியானால் 50 வீத போனஸ் கையில் மிச்சம் பிடித்தது 44 வீதம் சொச்சம். யாரும் ஏமாற்றவில்லை, கணக்கு அப்படித்தான் அமைந்திருக்கிறது. இரண்டு கொம்பனிகளை ஒப்பிடும்போது போனஸ் வீதத்தை விட்டுவிட்டு அடிப்படைக் கட்டுப்பணத்தையும் கடைசித் தொகையையும் பாருங்கள். அடிப்படையை உயர்த்தி வைத்துக்கொண்டு 70 வீதம் கழிவு காட்டுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

காசு குறைப்பதற்காக எஸ்.ஆர்.சி.சி. காப்பை வெட்டச் சொல்பவர்கள், 2022 மே 9ஆம் திகதிக் கலவரத்தில் நாட்டில் எத்தனை வாகனங்கள் எரிந்தன என்பதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். அந்தக் காப்பு இல்லாத பொலிசி அப்படியான எரிப்புக்கு இழப்பீடு தராது.

இணையத்தில் 20, 25, 35, 45, 50 என்று ஒரு பட்டியல் இருக்கிறதே?

அது இந்தியாவின் பட்டியல். தமிழில் தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் தமிழ்நாட்டு வாசகர்களுக்காக எழுதியது. அங்கே முதல் வருடம் கிளெய்ம் இல்லாவிட்டால் 20 வீதம், ஐந்தாவது வருடத்தில் 50, அதோடு நின்றுவிடும். பொலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் போனஸ் போய்விடும், காரை விற்று எடுத்த சான்றிதழ் மூன்று வருடம் செல்லும் என்பதெல்லாம் அந்த நாட்டு விதிகள்.

இங்கே எல்லாக் கொம்பனிக்கும் பொதுவான ஒரே படி கிடையாது. ஒரு கொம்பனி முதல் வருடத்துக்குத் தருவதை இன்னொன்று இரண்டாம் வருடத்துக்குத்தான் தரும், உச்ச வரம்பும் மாறும். உங்கள் கொம்பனியின் போனஸ் படி எப்படி ஏறுகிறது, ஒரு கிளெய்முக்கு எத்தனை படி இறங்குகிறது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இரண்டாவதைக் கேட்க எல்லோரும் மறக்கிறார்கள்.

லண்டனில் இருக்கும் அண்ணா, அங்கே இரண்டு காருக்கும் போனஸ் கிடைக்கிறது என்கிறாரே?

அண்ணா சொல்வது பொய்யில்லை, முழுக்கதையும் இல்லை. பிரித்தானியாவிலும் அடிப்படை விதி ஒரு போனஸ் ஒரு காருக்குத்தான். ஆனால் அங்குள்ள சில கொம்பனிகள் முதல் காரின் போனஸைப் பார்த்து, இரண்டாவதற்கும் அதற்குச் சமமான ஒரு கழிவைத் தங்கள் விருப்பத்தில் தருகின்றன. 'மிரர்' செய்வது என்பார்கள். வீட்டுக் கார்கள் எல்லாவற்றையும் ஒரே பொலிசியில் போடும் 'மல்ட்டி கார்' முறையும் உண்டு, அதிலும் ஒவ்வொரு காருக்கும் போனஸ் தனித்தனியே எண்ணப்படும். கார் இல்லாமல் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தால் அங்கே பெரும்பாலான கொம்பனிகள் பழைய போனஸை ஏற்பதில்லை.

அண்ணா இங்கே திரும்பிவந்து கார் வாங்கினால், அங்குள்ள கொம்பனியின் கடிதத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதை ஏற்பதும் விடுவதும் இங்குள்ள கொம்பனியின் விருப்பம். சிலர் என்.சி.பி.யாக ஏற்காமல் எம்.ஆர். வரியில் கொஞ்சம் பார்த்துப் போடுவார்கள். கேட்பதற்குக் காசில்லை.

இரண்டாவது கார் மனைவியின் பெயரில். என் போனஸை அதற்குப் போடலாமா?

யாழ்ப்பாணத்தில் இது மிகச் சாதாரணமான நிலைமை. சீதனமாக வந்த கார், வெளிநாட்டில் இருக்கும் மச்சான் தங்கைக்கென்று வாங்கிக்கொடுத்த கார், வங்கிக் கடன் மனைவியின் சம்பளத்தில் எடுக்கப்பட்ட கார். ஓட்டுவது கணவன், பதிவுப் புத்தகத்தில் பெயர் மனைவி.

போனஸ் பெயரோடு ஒட்டியது என்பதால், உங்கள் பெயரில் உள்ளது மனைவியின் பெயரில் உள்ள காருக்குத் தானாகப் போகாது. கணவன் மனைவிக்கிடையே மாற்றத்தை அனுமதிக்கும் கொம்பனிகள் இருக்கின்றன. திருமணச் சான்றிதழின் பிரதியும் உங்கள் சம்மதக் கடிதமும் கேட்பார்கள். மாற்றிய பிறகு உங்கள் பழைய கார் பூச்சியத்துக்கு வந்துவிடும். தகப்பன் இறந்து கார் மகனின் பெயருக்கு மாறும்போதும் இதே கேள்வி வரும். அங்கேயும் கொம்பனியின் முடிவுதான், ஆனால் அதே கொம்பனியில் தொடர்ந்தால் பெரும்பாலும் இரக்கமாகப் பார்ப்பார்கள்.

இன்னும் கார் வாங்கவே இல்லை, யோசித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள் என்றால், யாருடைய பெயரில் எடுப்பது என்ற கேள்வியோடு போனஸையும் சேர்த்து யோசியுங்கள். புத்தகத்தில் பெயர் ஏறிய பிறகு மாற்றுவது செலவு.

ஓப்பின் பேப்பரில் வாங்கிய கார் என்றால்?

போனஸைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் பெயரை மாற்றுங்கள். மாற்றல் படிவத்தில் விற்றவரின் கையெழுத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, புத்தகத்தை மாற்றாமல் வருடக்கணக்கில் ஓட்டுவது இங்கே பெரிய விடயமாகத் தெரிவதில்லை. கார் மோதி நொறுங்கும் நாளில் தெரியும். பதிவில் இருப்பவர் ஒருவர், காப்புறுதி எடுத்தவர் இன்னொருவர், இழப்பு யாருக்கு என்று கொம்பனி கேட்கும். விற்றவர் அதற்குள் கனடா போயிருப்பார். உங்கள் பெயர் இல்லாத காரில் உங்கள் போனஸை வைக்கவும் கொம்பனி சம்மதிக்காது.

சின்ன அடி. கிளெய்ம் போடுவதா, கையால் கட்டுவதா?

இதற்கு உணர்ச்சி வேண்டாம், பென்சில் போதும். பம்பர் உடைந்துவிட்டது, கோண்டாவில் கராஜில் பெயின்ற்றோடு சேர்த்து 25,000 ரூபா சொல்கிறார்கள். பொலிசியில் எக்ஸஸ், அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் உங்கள் பங்கு, 5,000. கொம்பனியிடம் இருந்து வருவது 20,000. உங்கள் அடிப்படைக் கட்டுப்பணம் 100,000, போனஸ் 50 வீதம், ஒரு கிளெய்மோடு அது பூச்சியத்துக்கு வரும் என்றால், அடுத்த வருடம் மட்டும் 50,000 கூடக் கட்டுவீர்கள், அதன்மேல் வற் வரி வேறு. படி படியாக மீண்டும் ஏறும்வரை ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாக இழப்பு. 20,000 வாங்க அவ்வளவு கொடுப்பதா?

அதே அடி, போனஸ் இன்னும் தொடங்காத இரண்டாவது காரில் என்றால் கணக்கு மாறுகிறது. இழக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை, கிளெய்ம் போடலாம். அந்தக் காரின் முதல் படி ஒரு வருடம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

எப்படியிருந்தாலும் காரை நகர்த்த முன்னர் கொம்பனியின் அவசர இலக்கத்துக்கு அழைத்து, இடத்துக்கு வரும் உத்தியோகத்தரிடம் பதிவை வைத்துக்கொள்ளுங்கள். படங்களும் எடுங்கள். அறிவிப்பதும் பணம் கேட்பதும் இரண்டு வேறு செயல்கள். அறிவித்துவிட்டுப் பணம் கேட்காமல் விட்டால் போனஸ் இறங்குமா என்று அந்த உத்தியோகத்தரிடமே கேட்டுத் தெளிவுபடுத்துங்கள். ஆருக்காவது காயம் என்றால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், பொலிசுக்கும் கொம்பனிக்கும் உடனே சொல்ல வேண்டும்.

மாடு குறுக்கே வந்தது. என் பிழை இல்லையே, போனஸ் ஏன் இறங்க வேண்டும்?

ஏ9 வீதியில் ஆனையிறவு தாண்டி இரவில் ஓட்டியவர்களுக்கு இந்தக் கேள்வி நன்றாகப் புரியும். கறுத்த மாடு, கறுத்த தார், விளக்கில்லாத வீதி. பிழை உங்களுடையது இல்லை, சரி. ஆனால் போனஸ் பார்ப்பது உங்கள் பொலிசியில் இருந்து பணம் போனதா இல்லையா என்பதைத்தான். மாட்டின் சொந்தக்காரனிடம் இருந்து கொம்பனி அதை வசூலிப்பது லேசான காரியம் இல்லை. சொந்தக்காரன் யார் என்று அந்த ஊரில் யாருக்கும் தெரிந்தும் இருக்காது.

இன்னொரு வாகனம் வந்து இடித்து, பிழை அவர்மேல் என்று தெளிவாக இருந்தால் வேறு வழி உண்டு. அவருடைய கொம்பனியிடம் மூன்றாம் தரப்பாகக் கேளுங்கள். உங்கள் பொலிசியில் இருந்து எதுவும் போகாததால் உங்கள் போனஸ் அப்படியே நிற்கும். நேரம் எடுக்கும், அலைச்சலும் இருக்கும். அவசரத்துக்கு உங்கள் கொம்பனியிடமே வாங்கினால், அவர்கள் மற்றக் கொம்பனியிடம் முழுத்தொகையை மீட்ட பிறகு போனஸைத் திருப்பித் தருவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

வெள்ளமும் இப்படித்தான். 2024 நவம்பர் கடைசியில் பெய்த மழையில் யாழ்ப்பாணத்தில் பல வளவுகளுக்குள் தண்ணீர் நின்றது. இயற்கை அனர்த்தக் காப்பு பொலிசியில் இருக்கிறதா என்று இரண்டு காரின் தாளிலும் தனித்தனியே பாருங்கள். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாமல் போவது நடக்கக்கூடியது. தண்ணீர் புகுந்த காரை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவும் வேண்டாம். எஞ்சின் அதில் போனால் அது வெள்ளத்தால் வந்த சேதமா, நீங்கள் செய்ததா என்ற வாதம் தொடங்கும்.

ஒரு காரில் கிளெய்ம் போட்டால் மற்றக் காரின் போனஸும் போகுமா?

தனித்தனிப் பொலிசி என்றால் போகாது. ஆனால் இரண்டு காரையும் சேர்த்துப் பேசி வாங்கிய எம்.ஆர். கழிவு இருந்தால், புதுப்பிக்கும்போது அதைக் குறைக்கப் பார்ப்பார்கள்.

மோட்டார் சைக்கிளில் இருக்கும் போனஸைக் காருக்குக் கொண்டுவரலாமா? தேர்ட் பார்ட்டிக்கும் போனஸ் உண்டா?

சைக்கிளில் இருந்து காருக்குப் பொதுவாக முடியாது. ஒரே வகை வாகனம், ஒரே வகைப் பாவனை என்பதுதான் வழமை. தேர்ட் பார்ட்டிக் காப்பு, 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி எந்த வாகனத்துக்கும் கட்டாயமான, மற்றவருக்கு நேரும் இழப்புக்கு மட்டுமான குறைந்தபட்சக் காப்பு. கட்டணமும் குறைவு, அதில் போனஸுக்குப் பெரிதாக இடமில்லை. பழைய காரைத் தேர்ட் பார்ட்டிக்கு இறக்க நினைத்தால், அதற்கு முன்னர் அதில் உள்ள போனஸைப் புதுக் காருக்கு மாற்றிவிடுங்கள். இறக்கிய பிறகு கேட்டால் கேள்விகள் வரும்.

நல்லூர்த் திருவிழாச் சீசனில் இரண்டாவது காரை ஹயருக்கு விட யோசிக்கிறேன். பிரச்சினையா?

தனியார் பாவனைக்கு என்று எடுத்த பொலிசியோடு விட்டால் பெரிய பிரச்சினை. அப்படி ஓடும்போது விபத்து நடந்தால் கொம்பனி மறுக்கலாம், மறுப்பதற்கு அவர்களுக்கு நியாயமும் இருக்கும். ஹயர் அல்லது வாடகைப் பாவனை என்று சொல்லி அதற்குரிய காப்பை எடுங்கள். கட்டணம் கூடும். தனியார் காரில் சேர்த்த போனஸ் அங்கே செல்லுமா என்பதும் தனிக் கேள்வி, பெரும்பாலும் செல்லாது. அதனால் ஹயருக்கு விடும் காரில் போனஸை வைக்காதீர்கள்.

காசு வாங்காமல், ஊருக்கு வந்த பெறாமகனுக்கு ஓட்டக் கொடுப்பது வேறு. எங்கள் பொலிசிகள் பொதுவாக உங்கள் அனுமதியோடு ஓட்டும், செல்லுபடியான அனுமதிப்பத்திரம் உள்ள ஆளை ஏற்கும். 'செல்லுபடியான' என்ற இடத்தில்தான் தடுக்குகிறது. கனடா லைசென்ஸ் மட்டும் சட்டைப்பையில் இருந்தால் போதாது. சர்வதேச அனுமதிப்பத்திரத்துக்கு இலங்கை ஓட்டோமொபைல் சங்கத்தின் அங்கீகாரம் வேண்டும், அல்லது மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் தற்காலிக அனுமதிப்பத்திரம் வேண்டும். வெளிநாட்டவருக்கு 2025 ஓகஸ்ட் முதல் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே அதைக் கொடுக்கிறார்கள். வயதோ அனுபவமோ குறைந்தவர் ஓட்டினால் கூடுதல் எக்ஸஸ் என்று ஒரு வரி பல பொலிசிகளில் இருக்கும், அதையும் தேடிப் பாருங்கள்.

போனஸ் இல்லாத காருக்குக் கட்டுப்பணம் கூடிவிட்டது. பெறுமதியைக் குறைத்துப் போட்டால் என்ன?

வேண்டாம். சந்தையில் 60 இலட்சம் போகும் காரை 40 இலட்சம் என்று போட்டால், கட்டுப்பணம் குறைவது உண்மை. 300,000 ரூபாச் சேதம் வந்தால், குறைக் காப்புறுதி நிபந்தனை உள்ள பொலிசி மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 200,000 தான் தரும்.

வேண்டுமென்றே குறைக்காமலும் இது நடக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபின் பழைய கார்களின் விலை வாங்கிய விலையையும் தாண்டிப் போனது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். இந்த ஏற்ற இறக்கத்துக்கு நடுவே, நான்கைந்து வருடம் பழைய பெறுமதியிலேயே புதுப்பித்துவந்த கார்கள் ஏராளம். இரண்டாவது காருக்குக் கோட்டேஷன் எடுக்கும் சாட்டில் முதலாவதன் பெறுமதியையும் சரிபார்த்துவிடுங்கள்.

லீசிங்கில் எடுத்த கார் என்றால் போனஸ் யாருக்கு?

உங்களுக்கு. கார் முழுதாகப் போனால் இழப்பீடு முதலில் லீசிங் கொம்பனிக்குப் போகும், மீதிதான் உங்களுக்கு. ஆனால் கட்டுப்பணத்தில் விழும் கழிவு பொலிசி எடுத்தவரின் கணக்கில்தான். லீசிங்காரர் தங்களுக்குப் பழக்கமான ஒரு கொம்பனியைக் காட்டி "இங்கேயே போடுங்கள்" என்று சொன்னால், கையெழுத்து வைக்க முன்னர் உங்கள் என்.சி.பி. கடிதத்தைக் காட்டிக் கோட்டேஷனைத் திருத்தச் சொல்லுங்கள். அவசரத்தில் போனஸே போடாமல் எழுதிய பத்திரங்கள் பல உள்ளன.

அந்த என்.சி.பி. கடிதம் எப்படி எடுப்பது?

பழைய கொம்பனியின் கிளைக்குப் போய், அல்லது மின்னஞ்சலில், பொலிசி இலக்கத்தையும் வாகன இலக்கத்தையும் கொடுத்துக் கேட்டால் தருவார்கள். கடிதத்தில் உங்கள் பெயர், எத்தனை வருடம் கிளெய்ம் இல்லை, எத்தனை வீதம், எந்தத் திகதி வரை என்பவை இருக்கிறதா என்று அங்கேயே நின்று வாசியுங்கள். பெயரின் எழுத்து அடையாள அட்டையோடு ஒத்துப்போக வேண்டும். எங்கள் ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு 'எச்' கூடிக் குறைந்து, அதற்காகவே இன்னொரு தரம் அலைய வேண்டி வரும். காரை விற்று வெளிநாடு போகிறவர்கள் போகமுன்னரே எடுத்துவிட வேண்டும். ரொறன்ரோவில் இருந்து தம்பியை அனுப்பி எடுப்பிப்பது சுலபமில்லை.

"இரண்டு காருக்கும் 50 போட்டுவிடுகிறேன், யார் பார்க்கப்போகிறார்கள்" என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

பார்ப்பார்கள், கிளெய்ம் வரும் நாளில். புதுக் கொம்பனி பழைய கொம்பனியிடம் கேட்டு உறுதிப்படுத்த முடியும். அப்போது குறைந்தது வித்தியாசப் பணத்தைக் கட்டச் சொல்வார்கள், கூடியது கிளெய்மையே மறுப்பார்கள். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது, முகவர்தான் நிரப்பினார் என்பது உதவாது. கீழே உள்ள கையெழுத்து உங்களுடையது. வெற்றுப் படிவத்தில் ஒப்பம் வைத்துக் கொடுக்கும் பழக்கத்தை மோட்டார் காப்புறுதியிலாவது விட்டுவிடுங்கள்.

போனஸைத் தவறாக வெட்டிவிட்டார்கள். கொழும்புக்குப் போகவேண்டுமா?

முதலில் கிளையில் எழுத்தில் கொடுங்கள், பிறகு அதே கொம்பனியின் தலைமையகத்துக்கு. போன வருடத்துப் பத்திரம், என்.சி.பி. கடிதம், இந்த வருட அறிவித்தல் மூன்றின் பிரதியும் இணைத்தால் பல பிழைகள் அங்கேயே சரிவந்துவிடும், ஏனென்றால் பெரும்பாலும் அது கணினியில் யாரோ தட்டிய பிழை. சரிவராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கு, அதாவது இப்படியான பிணக்குகளைக் கேட்டுத் தீர்க்கும் நடுநிலையாளருக்கு, எழுதலாம். கட்டணம் இல்லை, ஆனால் கொம்பனியிடம் முறையிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அங்கே போகவேண்டும். கொம்பனிகளை மேற்பார்வை செய்வது இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. அங்கும் முறைப்பாடு செய்யலாம். இரண்டும் கொழும்பில் இருந்தாலும் தபாலில் அனுப்பலாம், பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கிடையில் பழைய பொலிசி முடியும் திகதி வந்தால், முழுத்தொகையையும் கட்டிப் புதுப்பித்துவிட்டு முறைப்பாட்டைத் தொடருங்கள். காப்பு இல்லாத காரை வீதியில் இறக்க முடியாது, காப்புறுதிச் சான்றிதழ் இல்லாமல் பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரமும் எடுக்க முடியாது.